கோட்டை பார்க்கப் போன நாள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்காரர் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டும் கறுப்புதான், இரண்டும் ரப்பர்தான். ஆனால் இவருடையதைவிட அது ஒரு விரல் பெரியது, வாரில் மஞ்சள் கோடு வேறு. தெரு முழுக்க இழுத்துக்கொண்டு வந்தவரைக் கேட்டால், "எவனோ மாத்திப் போட்டுகினு போய்க்கீறான், நான் இன்னா பண்றது?" என்று என் மேலேயே பாய்ந்தார். அதற்கு முந்தின வாரம் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று கிரிக்கெட் பார்த்தார். ஏன் என்றால் சத்தம் கேட்கவில்லையாம். சத்தம் மாதா கோயில் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

வேறு யார் வீட்டிலாவது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். எங்கள் பக்கம் விசைப்படகைப் போட்டு என்றும், அதை ஓட்டுகிறவரை டிரைவர் என்றும் சொல்வார்கள். போட்டு கிளம்பினால் ஒரு வாரம், பத்து நாள் கடலில்தான் குடித்தனம். சரக்குக் கப்பல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற தடத்தில், மற்ற ஆட்கள் படுத்துத் தூங்கும்போது இவர்தான் வீலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவர் கண்ணை நம்பித்தான் அவர்கள் கண்ணை மூடுகிறார்கள். அந்தக் கண்ணே தெரியவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. தடை முடிந்ததும் போட்டை எடுத்துவிடுவார். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கண்ணாஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். வீட்டுக்குள் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கவும் முடியாது. எங்கள் வீடு இருக்கிற அளவுக்கு, எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். தடுக்கி விழுந்துவிட்டு, இந்த வீட்டில் ஒரு பொருளாவது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று சாயங்காலம் வரை எனக்குப் பாட்டு.

அப்போதுதான் கோட்டை ஞாபகம் வந்தது. வடக்கே பழவேற்காட்டில், ஒரு பக்கம் ஏரியும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கிற இடத்தில், டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை ஒன்று உண்டு. சுற்றிலும் அகழி வெட்டித் தண்ணீர் விட்டிருப்பதால் அது தனித் தீவு என்பார் இவர். இளவட்டமாக இருந்தபோது ஒரு தடைக்காலத்தில் தோஸ்துகளோடு படகில் போய்ப் பார்த்திருக்கிறார். கல்யாணமான புதிதில், "உன்னியும் கூட்டிகினு போய்க் காட்றேன்மே, மதில் இன்னா ஒசரம் தெரியுமா" என்று ஆரம்பித்தது, பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகிற வரைக்கும் பேச்சாகவே நின்றுவிட்டது. நான் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள். போட்டு ஓடாத மாதத்தில் எனக்கும் வேலை குறைவு. இந்தத் தடவை விடுவதாக இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். கடலுக்குக் கூட்டிப் போனால் உண்மை தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. பஸ்ஸில் போகலாமே என்றார். பஸ்ஸில் போகிறதற்கு டிரைவரை ஏன் கட்டிக்கொண்டேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையில் மடங்கினார்.

இவர் ஓட்டும் விசைப்படகின் சொந்தக்காரர் இவருடைய சின்ன வயசுத் தோஸ்து. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாமு என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவரிடம் ஒரு சின்ன ஃபைபர் படகும் இருந்தது. அந்தப் படகுகளுக்குத் தடை கிடையாது. கேட்டதும் தலையைச் சொறிந்தார். எங்கள் பக்கம் பெண்கள் கடல் படகில் கால் வைப்பதில்லை. வைத்தால் பாடு கிடைக்காது, அதாவது வலையில் மீன் விழாது என்று ஒரு பேச்சு.

"வலையே எடுத்துகினு போலியே மாமு, அப்பால இன்னா பாடு?" என்றார் இவர்.

"அதுவும் செரிதான். தங்கச்சி, பழவேற்காட்டு எறா மீனு மேல கைய வெக்காம கோட்டைய மட்டும் பாத்துட்டு வா" என்று சொல்லிச் சிரித்துப் படகைக் கொடுத்தார்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். மீன் வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான், கடலுக்குள் போனது அதுதான் முதல் தடவை. ஊரை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஏலக் கூச்சலும் ஆட்டோ ஹாரனும் இல்லாத காசிமேடு. அதற்கப்பால் திருவொற்றியூர் கோபுரம், அதற்கும் வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள். தெற்குக் காற்று ஜோராக வீச, கொஞ்ச தூரம் போனதும் என்ஜினை நிறுத்திவிட்டுத் தார்ப்பாயைப் பாயாகக் கட்டினார். முடிச்சு போட அவருக்குக் கண்ணே வேண்டியிருக்கவில்லை. நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவர் பின்னால் துடுப்பைப் பிடித்திருந்தார்.

"சொல்லு பாப்போம், கோபுரம் இப்போ எங்க கீது?" என்றார்.

"இடது கைப் பக்கம், கொஞ்சம் பின்னால."

"புகைபோக்கிங்க? ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு கீதா, தள்ளிக் கீதா?"

"ரெண்டு ஒட்டிக் கீது. ஒண்ணு தள்ளி நிக்குது."

"கரெக்ட்டு. அப்டினா கரைலேர்ந்து எம்மாந் தூரம் வந்துக்கீறோம்னு தெரிஞ்சிக்கலாம்" என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரித் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நாளாகத் துறைமுகத்தில் இதைச் சொல்லித்தான் எல்லோரும் இவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் யாரையும் வீல் பக்கம் அண்டவிடமாட்டார். இப்போது ஒவ்வொரு ஆளாகப் பக்கத்தில் நிறுத்தி, சொல்லு பாப்போம், சொல்லு பாப்போம் என்று தொழில் கற்றுத் தருகிறாராம். இந்த மாதிரி டிரைவர் கிடைக்கமாட்டார் என்று ஐஸ் எடுக்க வருகிறவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாடம் இன்றைக்கு எனக்கும் நடக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். சந்தேகப்பட்டு வந்ததைக்கூட மறந்துவிட்டேன்.

எண்ணூர் தாண்டிப் பெரிய கப்பல்கள் உள்ளே போகிற தடத்தை நெருங்கினோம். கடலில் ஒரு படகைக் கடந்து போனால் கையைத் தூக்கி, பாடு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காமல் போகமாட்டார்கள். சண்டைக்காரனாக இருந்தாலும் கேட்பார்கள். இவர் திடீரென்று எழுந்து நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்து வீசினார்.

"இன்னா தலைவரே, பாடு இன்னா?"

பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். அப்போதும் இல்லை.

"திமிரு புடிச்சவன். கையக்கூடத் தூக்கல பாரு" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே படகே இல்லை. கப்பல் தடத்தைக் காட்டுவதற்காகக் கட்டிவைத்திருக்கும், போயா என்கிற சிவப்பு மிதவை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் ஒரு பறவை. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "யோவ், அது போயாய்யா. அதுங்கிட்டயா பாடு கேக்கற?" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"வெயிலு கண்ல அடிக்கிது" என்றார்.

வெயில் எங்களுக்கு வலது பக்கம். மிதவை இடது பக்கம். எதைத் தெரிந்துகொள்ள வந்தேனோ அது தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் கடல், கரை எங்கேயோ இருக்கிறது, துடுப்பு அவர் கையில் இருக்கிறது. படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பழவேற்காட்டு முகத்துவாரம் வந்தது. ஏரி கடலோடு சேருகிற இடம் அது, மணல் மேடுகளில் அலை மடங்கி உடையும். பாயை அவிழ்த்து என்ஜினைப் போட்டார்.

"சொல்லு பாப்போம், அலை எங்க வெள்ளையா ஒடையுது, எங்க ஒடையாம கீது?"

"வலது பக்கம் ஒடையல."

சொல்லி முடிக்கவில்லை, படகு வலது பக்கம் திரும்பிவிட்டது. அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. பாடம் சொல்லித் தருகிறவர் பதில் சரியா என்று ஒரு தடவையாவது பார்ப்பார். இவர் பார்க்கவில்லை. முதல் தடவையாகக் கடலுக்கு வந்திருக்கிற என்னை, ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவளை நம்பி அப்படியே திருப்புகிறார். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் கவிழ்ந்திருப்போம். துறைமுகமே புகழ்கிற அந்தப் பாடம் இதுதான். பக்கத்தில் நிற்கிறவன் கண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இவர் இத்தனை நாளாகப் போட்டு ஓட்டியிருக்கிறார். கொடுக்கிறவனுக்குத் தான் கொடுப்பதே தெரியாது. கோபம் தலைக்கேறியது. அதே சமயம், தனியாக இவ்வளவு நாள் இதைச் சுமந்திருக்கிறாரே என்று பாவமாகவும் இருந்தது.

படகைக் கட்டிவிட்டு நடந்தோம். நடக்கும்போது என் தோளில் லேசாகக் கையை வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட ராயபுரம் தெருவில் என்னோடு பத்தடி தள்ளி நடந்தவர். பார்க்கிறவர்கள் இந்த வயசில் என்ன கொஞ்சல் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தக் கையின் கனம் தெரிந்தது.

கோட்டை என்று ஊர்க்காரர் ஒருவர் காட்டிய இடத்தில் முதலில் அகழி இருந்தது. பச்சையாகப் பாசி படிந்த தண்ணீர், அதைத் தாண்டி உள்ளே போக ஒரு மண் பாதை. உள்ளே போய் நின்றதும் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். காற்றும் தண்ணீர் வாடையும் இடத்தை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வருஷக்கணக்காகச் சொல்லிவந்த வாக்கை நிறைவேற்றிவிட்ட சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"பாத்தியாமே? நான் சொன்னப்போ நம்புனியா? எம்மா ஒசரம் பாரு. டச்சுக்காரன் கட்னது, இன்னும் எப்டி நிக்குது பாரு" என்று கையைத் தூக்கிக் காட்டினார். "சொல்லு பாப்போம், மதில் மேல மரம் எந்தப் பக்கம் மொளச்சுக் கீது?"

அவர் கை காட்டிய இடத்தில் ஆகாயம்தான் இருந்தது. அதற்குக் கீழே சீமைக்கருவேல முள், ஒரு மண்மேடு, மேட்டின் ஓரத்தில் உடைந்த செங்கல். ஆடுகள் இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன.

இடது பக்கம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைய நாள் நல்லபடியாகப் போயிருக்கும், சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருப்போம். அடுத்த வாரம் இவர் போட்டில் ஏறிவிடுவார்.

"மதில் இல்லய்யா."

"இன்னா?"

"மதிலே இல்ல. முள்ளு கீது, செங்கல்லு கீது, ரெண்டு ஆடு மேயுது. அவ்ளோதான்."

தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. "எப்போ இடிஞ்சுது?" என்று கேட்டார்.

"அது எனுக்கு இன்னா தெரியும்? உனுக்கு எப்போலேர்ந்து தெர்ல, அத்தச் சொல்லு."

பக்கத்தில் இருந்த கல்லைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பொய் சொல்லுவார், கத்துவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"போன வருசத்துலேர்ந்து. ஓரத்துல எல்லாம் தெரியும்மே. நடுவுலதான் ஒரு பொட்டு. எத்தப் பாக்கணும்னு பாக்கறனோ அத்த மட்டும் காணோம்" என்றார். என் பக்கம் திரும்பினார். "இப்போ உன்னப் பாத்தா கம்மல் தெரியுது, காது தெரியுது. மூஞ்சி தெர்ல."

நான் அழவில்லை. அழுதால் அவருக்கு அதுவும் தெரியாது என்ற நினைப்பே என்னை என்னவோ செய்தது. அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கோபம் திரும்ப வந்தது.

"அந்தப் போட்ல எத்தினி குடும்பம் கீதுன்னு நெனச்சியா? உன்ன நம்பித் தூங்கறானுங்களே, அவனுங்க பொண்டாட்டிங்க தெனம் ஐஸ் கம்பெனி வாசல்ல எங்கிட்ட பேசறாளுங்க. ஒரு கப்பல்காரன் மோதிட்டா அவளுங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

"ஒண்ணும் ஆவலியே."

"ஆவல. ஆவற வரைக்கும் ஆவாதுதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா, இனிமே ஏறாதன்னு சொல்லிடுவான்மே. அப்பால நான் யாரு?"

"என் வூட்டுக்காரன்."

"அது வூட்ல. துறமுகத்துல நான் யாரு?"

கொண்டுவந்த புளிசாதத்தையும் வறுத்த மத்தியையும் பிரித்து வைத்தேன். முள் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் நாக்குக்குத் தெரியும் என்று சொல்லிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். இன்றைக்கே தோஸ்திடம் அவர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

"சொல்லிக்கோ. அப்பால எங்கூட பேசாத" என்றார். திரும்பும்போது என் தோளைப் பிடிக்காமல் முன்னால் நடந்தார். ஒரு செங்கல்லில் இடித்துக்கொண்டார். நான் வேண்டுமென்றே பின்னாலேயே நின்றேன். இன்னும் நாலடி போய், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். போய்ப் பிடித்துக்கொண்டேன்.

முகத்துவாரத்தில் என்ஜின் வேகத்தைக் குறைத்தார். காலையில் இருந்ததைவிட அலை பெரிது. 'சொல்லு பாப்போம்' வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. படகு அதே இடத்தில் கிடந்து ஆடியது. அவர் தாடை இறுகுவதும் தளர்வதும் தெரிந்தது. நானாகச் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனுக்குத் தெர்லமே. நீ பாத்துச் சொல்லு" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எழுந்து பின்னால் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இடது, கொஞ்சம் பொறு, இப்போ போ, வலது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வெளியே வந்த பிறகும் வாயை மூடவில்லை. கப்பல், படகு, வலைக்காரன் விட்டிருக்கும் மிதவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். கப்பல் தடத்துச் சிவப்பு மிதவை வந்தபோது, "உன் தலைவர் நிக்கிறாருய்யா" என்றேன். நான் காட்டிய பக்கம் துண்டைத் தூக்கி, "நல்லா கீறியா தலைவரே?" என்று விசாரித்தார். இருவரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். ஆனால் தோஸ்திடம் சொல்லப் போகிறாரா இல்லையா என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காசிமேட்டுக் கல் கொட்டிய கரை தெரிய ஆரம்பித்தது. நான் சொல்ல வேண்டி வந்தால் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டே வந்தேன்.

தோஸ்து கரையில் நின்றுகொண்டிருந்தார். நான் எறிந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கோட்டை எப்டி தங்கச்சி?" என்றார்.

"சோக்கா கீதுண்ணே."

என் வீட்டுக்காரர் படகிலிருந்து ஏறி மேலே நின்றார். தோஸ்து அவருக்கு எதிரிலேயே நின்று பேசினார். "மாமு, ஐஸுக்கும் டீசலுக்கும் சொல்லிட்டேன். தடை முடிஞ்சதும் மொத ஆளா நம்ம போட்டுதான் வெளிய போவணும், இன்னா?" என்று சொல்லிவிட்டு, கயிற்றைக் கட்டுவதற்காக அந்தப் பக்கம் நகர்ந்து குனிந்தார்.

இவர் இடுப்புக் கயிற்றிலிருந்து எதையோ அவிழ்த்தார். விசைப்படகு என்ஜினின் சாவி. தடைக்காலத்திலும் அதைக் கழற்றமாட்டார், குளிக்கும்போதுகூட இடுப்பில்தான் இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மாமு, இத்த நீ வெச்சிக்கோ. எனுக்குக் கண்ணு போச்சு. வேற டிரைவரப் பாத்துக்கோ."

குரல் உடையவில்லை. என்னிடம் கோட்டையில் பேசிய குரல்கூட இல்லை, துறைமுகத்தில் பேசுகிற குரல். ஆனால் நீட்டிய கைக்கு எதிரில் ஆளே இல்லை. தோஸ்து நாலடி தள்ளிக் கயிற்றோடு குனிந்திருந்தார். இவர் காலிக் கூடைகளைப் பார்த்துச் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார்.

அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும் என்று பதறினேன். அதற்குள் தோஸ்து நிமிர்ந்துவிட்டார். நீட்டிய கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கயிற்றைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடு அடிமேல் அடி வைத்து வந்து, அந்தக் கைக்கு நேர் எதிரில் நின்றார்.

"இன்னா மாமு, கம்முனு கீற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இங்கதான மாமு கீறேன்" என்று சொல்லி, சாவியோடு சேர்த்து அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார்.